கெர்னல் பேனிக்: ஒரு பூட்டு சாவி வரலாறு

சொந்தமா லினக்ஸ் கெர்னல் கம்பைல் பண்ணி, ரீபூட் அடிச்சுட்டு, ஸ்கிரீனையே முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவங்களுக்குத்தான் அந்தப் பத்து செகண்டோட அருமை புரியும். ஒண்ணு லாகின் வரும், இல்லேன்னா 'கெர்னல் பேனிக்'. இந்த பேனிக்குக்குப் பின்னாடி ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு. ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னைக்கு அதைப் பாத்துடலாம்.

வேர் ஒண்ணுதான். கெர்னல் எழுந்ததும் ரூட் பார்ட்டிஷனைத் தேடும். அதைப் படிக்க டிரைவர் வேணும். டிரைவர் எங்க இருக்கு? அதே பார்ட்டிஷன்ல! பெட்டிக்குள்ள சாவியை வச்சு பெட்டியைப் பூட்டின கதை.

1991-ல ஹெல்சின்கியில லைனஸ் டோர்வால்ட்ஸ் 0.01-ஐ வெளியிட்டப்போ இந்தத் தலைவலியே இல்லை. டிரைவர் எல்லாம் கெர்னலுக்குள்ளயே இருந்துச்சு. எந்த டிஸ்க்குங்கறதும் சோர்ஸ் கோடுலயே எழுதியிருந்துச்சு. அதுவும் ரெண்டே ரெண்டு டிஸ்க் அமைப்புக்குத்தான். அதுல ஒண்ணு லைனஸோடது! மத்தவங்க தாங்களே திருத்தி கம்பைல் பண்ணிக்கணும். அப்புறம் 0.11-ல ரூட் எதுங்கறது பூட் செக்டாரோட 508-வது பைட்டுக்குப் போச்சு. அந்த இடத்தை மட்டும் மாத்தினா போதும், கம்பைல் வேண்டாம்.

அடுத்து வந்தார் நம்ம கதாநாயகர், லைலோ. 1992-ல வெர்னர் அல்மெஸ்பெர்கர் ஆரம்பிச்சது. லைலோவுக்கு ஃபைல் சிஸ்டம்னா என்னன்னே தெரியாது. கெர்னல் டிஸ்க்ல எந்தெந்த செக்டார்ல கிடக்குன்னு முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வச்சுக்கும், அவ்வளவுதான். புது கெர்னலை காப்பி பண்ணிட்டு லைலோவை மறுபடி ஓட்டலேன்னா, பட்டியல் பழைய முகவரியையே காட்டும். வீடு மாறினதை தபால்காரருக்குச் சொல்லாத மாதிரி.

ஆனா அது தோத்த விதத்துலயும் ஒரு நேர்மை இருந்துச்சு. பூட் செக்டார் மொத்தமே 512 பைட். நீளமா எர்ரர் மெசேஜ் எழுத இடம் ஏது? அதனால ஒவ்வொரு படி தாண்டும்போதும் தன் பேர்ல ஒரு எழுத்தைக் காட்டும். 'எல்' மட்டும் வந்து நின்னா, ரெண்டாம் கட்டத்தை லோட் பண்ண முடியலைன்னு அர்த்தம். 'எல் ஐ'ன்னு நின்னா, லோட் ஆச்சு, ஆனா ஓட முடியலை. நாலு எழுத்தும் வந்தா எல்லாம் சுபம். இதைவிடச் சிக்கனமான எர்ரர் மெசேஜை நான் பாத்ததில்லை.

லைலோ காலத்து இன்னொரு வில்லன் 1024 சிலிண்டர். பழைய பயாஸ்ல சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட்தான். 16 ஹெட், 63 செக்டார்னு கணக்குப் போட்டா 504 எம்பி. 255 ஹெட்னு ஏமாத்தினாலும் சுமார் 8.4 ஜிபி. கெர்னல் ஃபைல் அந்த எல்லையைத் தாண்டி உக்காந்துட்டா பூட் ஆகாது. டிஸ்க் ஆரம்பத்துல சின்னதா ஒரு பூட் பார்ட்டிஷன் போடற பழக்கம் இப்படி வேரூன்றினதுதான். 2000 வாக்குல லைலோவுக்கு எல்பிஏ32 வந்த பிறகுதான் விமோசனம்.

சாவி விஷயத்துக்கு வருவோம். டிரைவர்கள் பெருகப் பெருக, எல்லாத்தையும் கெர்னலுக்குள்ள திணிக்க முடியாம மாட்யூல் ஆக்கினாங்க. பூட்டும் அங்கதான் விழுந்துச்சு. 1996-ல அல்மெஸ்பெர்கரும் ஹான்ஸ் லெர்மெனும் இனிட்ஆர்டி கொண்டுவந்தாங்க. சாவியை மட்டும் ஒரு குட்டி டிஸ்க் பிம்பத்துல போட்டு, பூட்லோடர் கையாலேயே மெமரிக்கு அனுப்பிடறது. கில்லாடித்தனமான யோசனை. ஆனா சொந்தமா கம்பைல் பண்றவங்க பலரும் ஐடிஇ டிரைவரையோ ஃபைல் சிஸ்டத்தையோ மாட்யூலா வச்சுட்டு, இதைச் செய்யாம விட்டுடுவாங்க. விளைவு? ரூட்டை மவுண்ட் பண்ண முடியலைங்கற அந்தப் புகழ்பெற்ற பேனிக்.

2003 டிசம்பர்ல 2.6 வந்தப்போ ஒரு புது வேடிக்கை. 2.4-ஓட பழைய கான்ஃபிக்கை அப்படியே எடுத்துப் போட்டா, இன்புட் ஆப்ஷன் விட்டுப்போய், அதை நம்பியிருந்த விர்ச்சுவல் டெர்மினலும் சத்தமில்லாம கழண்டுடும். 'பூட்டிங் த கெர்னல்'னு ஒரு வரி, அதுக்கப்புறம் கும்மிருட்டு. செத்துப்போச்சுன்னு நினைச்சா, நெட்வொர்க் வழியா உள்ள நுழைஞ்சு பாத்தா ஜம்முனு ஓடிட்டிருக்கும் :-)

அப்புறம் 2006 கடைசியில 2.6.19-ல புது லிப்ஏடிஏ டிரைவர்கள் ஐடிஇ டிஸ்குக்கும் வந்துச்சு. அதுக்கு மாறினவங்களுக்கு ஹெச்டிஏ ஒரே நாள்ல எஸ்டிஏ ஆயிடுச்சு. பழைய பேரையே ரூட்னு எழுதி வச்சிருந்தவங்க பாடு திண்டாட்டம். பேரை நம்பாதே, யூயூஐடியை நம்புன்னு டிஸ்ட்ரோக்கள் மாறினாங்க. இதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஃபைல் சிஸ்டத்தோட யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிக்கறது கெர்னல் இல்லை, இனிட்ராம்எஃப்எஸ்தான். அது இல்லாம டிஸ்ட்ரோவோட வரியை அப்படியே காப்பி அடிச்சா மறுபடி பேனிக்.

லைலோவோட டெவலப்மென்ட் 2015 டிசம்பரோட நின்னு போச்சு. ஃபைல் சிஸ்டம் தெரிஞ்ச க்ரப் எப்பவோ இடத்தைப் பிடிச்சிருந்துச்சு. ஆனா அந்த பேனிக் இன்னும் அப்படியே இருக்கு. அடுத்த தடவை பாத்தீங்கன்னா, கடைசியில அடைப்புக்குறிக்குள்ள இருக்கற ரெண்டு எண்ணைக் கவனிங்க. 0,0-ன்னா பெரும்பாலும் டிஸ்கே கெர்னல் கண்ணுல படலை, டிரைவரைத் தேடுங்க. 8,1 மாதிரி ஏதாவது இருந்தா டிஸ்க் தெரியுது. ஃபைல் சிஸ்டத்தை உள்ள சேத்திருக்கீங்களான்னு பாருங்க. அதுவரைக்கும் க்ரப் மெனுவுல இருக்கற பழைய கெர்னல்ல கை வச்சுடாதீங்க.