உதட்டில் தெரிந்த வெப்பம்

ரப்பர் வளையத்தை இழுக்கும்போது நாம் செய்யும் வேலை எங்கே போகிறது? ஸ்பிரிங்கைப் போல அதுவும் நிலையாற்றலாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, விட்டதும் திருப்பித் தருகிறது என்பதுதான் பள்ளியில் நாம் படித்த பதில். தேர்வில் கணக்குப் போட அது போதும். ஆனால் ரப்பருக்குள்ளே நடப்பது வேறு. அதற்கான முதல் சான்று 1802இல், இங்கிலாந்தின் வடமேற்கே கெண்டல் என்ற சிற்றூரில் கிடைத்தது. கண்டறிந்தவர் ஜான் காஃப். மூன்று வயது நிரம்பும் முன்பே அம்மையில் பார்வையை இழந்தவர். 1859இல் ஜேம்ஸ் ஜூல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்குவோர் உண்டு. அது அரை நூற்றாண்டுக்கும் மேல் தாமதமான தொடக்கம் என்பதே என் வாதம்.

காஃப் செடிகளைத் தொட்டும் முகர்ந்தும் இனம் கண்டவர், கணிதம் கற்பித்தவர், அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் அவரிடம் பயின்றவர். அன்று கிடைத்தது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத பச்சை ரப்பர். குளிர்ந்தால் விறைத்துப்போகும். அதனால் ரப்பர்ப் பட்டையை முதலில் வெந்நீரில் போட்டு இளக்கிக்கொண்டார். இரு முனைகளையும் இரண்டு கைகளின் விரல்களால் பிடித்து, நடுப்பகுதி உதட்டோரத்தில் பட்டும் படாமலும் இருக்கும்படி வைத்துச் சட்டென்று இழுத்தார். சூடு தெரிந்தது. தளர்த்தியதும் அந்தச் சூடு உடனே தணிந்தது. அடுத்து, பட்டையில் எடையைத் தொங்கவிட்டுச் சூடேற்றினார். அது நீளவில்லை, சுருங்கி எடையை மேலே தூக்கியது. மூன்றாவதாக, இழுத்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் வைத்தார். கையை விட்டபிறகும் பட்டை சுருங்காமல் நீண்டபடியே நின்றது. வெந்நீர் பட்ட பிறகுதான் சுருங்கும் குணம் திரும்பியது. இந்த மூன்றையும் அவர் ஒரு கடிதத்தில் எழுத, மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகம் 1805இல் தன் தொகுதியில் அச்சிட்டது.

எடையிட்ட எஃகுக் கம்பியைச் சூடேற்றினால் நீளும், ரப்பர் சுருங்குகிறது. இந்த ஒரு வேறுபாடே இரண்டும் ஒரே விதத்தில் ஆற்றலைச் சேர்ப்பவை அல்ல என்று சொல்லப் போதும். எஃகில் நம் வேலை அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பை விலக்குவதில் சேர்கிறது. ரப்பரில் அதன் பெரும்பகுதி அப்போதே வெப்பமாகிவிடுகிறது. ஏன் என்பது 1920இல் ஸ்டாடிங்கர் நெடுமூலக்கூறு என்ற கருத்தை முன்வைத்த பிறகு, 1930களில் வெர்னர் கூன், குத், மார்க் ஆகியோரின் ஆய்வுகளில் தெளிவானது. தாறுமாறாகச் சுருண்டு கிடக்கும் நீண்ட சங்கிலிகளை இழுத்து நேராக்கி ஒழுங்குபடுத்துகிறோம். விட்டதும் வெப்ப அசைவே அவற்றை மறுபடி சுருட்டிவிடுகிறது. சூடு கூடினால் அசைவு கூடும், இழுவிசையும் கூடும். எடையைத் தூக்கியது இதுதான். குளிர்நீரில் பட்டை நீண்டபடி நின்றதற்கும் விடை கிடைத்தது: இழுத்த ரப்பரில் சங்கிலிகள் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன என்று 1925இல் காட்ஸ் எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினார்.

வெப்பமாக வெளியேறிவிட்டால் திரும்பி வருவது எது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுருங்கும் ரப்பர் தன்னிடமிருந்தும் சூழ்ந்த காற்றிலிருந்தும் வெப்பத்தை எடுத்து வேலையாக்குகிறது; குளிர்ந்துபோவது அதனால்தான். சங்கிலிகளின் ஒழுங்கு குலைவதே அதற்கு ஈடு. கொடுத்தது முழுவதும் கிடைப்பதுமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உராய்வில் போகிறது. ஆகவே இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் வளையம் சூடேறுகிறது.

காஃப் சொன்ன காரணம் தவறு என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். வெப்பம் ஒரு பாய்மம், அது ரப்பரின் நுண்துளைகளில் தங்குகிறது என்றே அவர் நம்பினார். அவர் காலத்தில் பெரும்பாலோர் நம்பியதும் அதுவே. அந்த நம்பிக்கை போனபிறகும் அவருடைய மூன்று கண்டறிதல்களில் ஒன்றுகூடச் சாயவில்லை. இழுக்கையில் சூடாகும் பொருள் சூடேற்றினால் சுருங்கியே தீரவேண்டும் என்று 1850களில் வில்லியம் தாம்சன் வெப்ப இயக்கவியலைக் கொண்டு நிறுவியபோது, காஃப்பின் முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாயின. உதடு வெப்பமானி ஆகுமா என்ற மறுப்புக்குப் பாதி இடம் தருகிறேன். மிகச் சிறிதளவே இழுத்தால் ரப்பர் லேசாகக் குளிர்வதை ஜூலின் கருவிதான் பிடித்தது. எண்களும் அவர் தந்தவையே. ஆனால் அளப்பதற்கு இங்கே ஒன்று இருக்கிறது என்று முதலில் சொன்னது யார்? ஜூல் டால்டனின் மாணவர். டால்டன் காஃப்பின் மாணவர். இன்றைய ரப்பர் அறிவியலில் இதற்குக் காஃப்–ஜூல் விளைவு என்று பெயர். காஃப் முன்னால் நிற்பதுதான் சரி.