இந்தியன் வெல்ஸில் கேட்ட ஹூ சத்தம்



நம்மில் எத்தனை பேர் டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்திருப்போம்? மிகச் சிலர்தான். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும். ஆனாலும் விம்பிள்டன் காலம் வந்துவிட்டால் ஆசிரியர் ஓய்வறையிலிருந்து தேநீர்க்கடை வரை ஒரு கதை அடிபடும். "பெடரர் நல்ல மனுசன். ஜோகோவிச்சைக் கண்ணில் காட்டாதே." ஏன் என்று கேட்டால் பதில் வராது. "என்னமோ, எனக்குப் பிடிக்காது" என்பதோடு கதை முடிந்துவிடும்.

நாம் நேரில் கண்டிராத, நமக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒரு மனிதரை ஏன் வெறுக்கிறோம்? டென்னிஸ் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு நல்ல பாடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நீளமான பதிவுதான், பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயம். டென்னிஸ் பார்வையாளர்கள் மற்ற விளையாட்டுகளின் பார்வையாளர்களைப் போன்றவர்கள் அல்லர். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அரங்கு அமைதியாக இருக்க வேண்டும். நல்ல அடிக்குக் கைதட்டலாம். எதிராளி பிழைவிட்டதற்குக் கைதட்டுவது பண்பற்ற செயலாகவே கருதப்பட்டு வந்துள்ளது. தனியார் கழகங்களில் வசதி படைத்தோர் ஆடிய விளையாட்டு என்பதால் வந்த பழக்கம் இது. அந்த வழக்கத்தை மீறி ஒரு கூட்டம் ஒரு வீரரைப் பார்த்து ஹூ போடுகிறது என்றால், வெறுப்பு எந்த அளவுக்கு முற்றியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெறுப்புக்குக் காரணங்கள் பலவிதம்.

சிலரை அவர்கள் சிரிக்காததற்காகவே வெறுத்தார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த இவான் லென்டில் எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றவர். 1982 முதல் 1989 வரை தொடர்ச்சியாக எட்டு வருடங்கள் அமெரிக்க பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆடியவர். உழைப்பால் உயர்ந்தவர். ஆனால் இறுகிய முகம். அமெரிக்காவும் சோவியத் அணியும் முறுகிக்கொண்டிருந்த காலம் வேறு. 1986இல் அவர் அமெரிக்க பகிரங்கப் பட்டத்தை வென்றபோது, அந்நாட்டின் பெரிய விளையாட்டுச் சஞ்சிகை ஒன்று அட்டையில் அவர் படத்தைப் போட்டு, இந்தச் சாம்பியனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற பொருளில் தலைப்பிட்டது. வென்றவருக்குக் கிடைத்த வாழ்த்து அதுதான்.

சிலரை, நமக்குப் பிரியமானவரை எதிர்த்து நின்றதற்காக வெறுத்தார்கள். 1999 பிரெஞ்சு பகிரங்க இறுதிப் போட்டியில் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ், ஸ்டெபி கிராப்பைச் சந்தித்தார். முதல் செட்டை வென்று இரண்டாவதிலும் முன்னணியில் இருந்தபோது, ஒரு பந்து கோட்டுக்கு வெளியே போனதாக நடுவர் சொன்னதை ஏற்காமல், வலையைத் தாண்டி மறுபக்கம் போய் பந்து விழுந்த அடையாளத்தைக் காட்டினார். அது விதிமீறல். அதன் பிறகு கூட்டம் அவரை விடவில்லை. கிராப் வென்றார். அழுதுகொண்டு வெளியேறிய ஹிங்கிஸை, பரிசளிப்புக்கு அவரது தாய்தான் திரும்ப அழைத்து வந்தார். ஜோகோவிச்சின் கதையும் இந்த வகைதான். பெடரரும் நடாலும் மக்கள் மனதைப் பங்குபோட்டு முடித்த பின் வந்த மூன்றாமவர் அவர்.

இன்னும் சிலரை அவர்களது நடத்தைக்காக வெறுத்தார்கள். 2019 அமெரிக்க பகிரங்கப் போட்டியில் மெத்வதேவ் பந்து பொறுக்கும் பையனிடமிருந்து துவாயை வெடுக்கென்று பறித்தார். கூட்டத்துக்கு ஆபாசமாக விரல் காட்டினார். ஹூ சத்தம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே மெத்வதேவ் இறுதிப் போட்டியில் நடாலுக்கு எதிராக ஐந்து செட்கள் போராடியபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நடத்தையால் வந்த வெறுப்பு நடத்தையால் போனது.

மேலே சொன்ன வெறுப்புகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் மன்னிக்கக்கூடியவை. நாம் சொல்ல வந்த கதை வேறு வகை.

இந்தியன் வெல்ஸ் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பாலைவனப் பகுதியில் உள்ள ஒரு செல்வந்த ஊர். வருடாவருடம் மார்ச் மாதத்தில் அங்கு பெரிய டென்னிஸ் தொடர் நடக்கும். அங்கிருந்து வீதியால் சில மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது கொம்ப்டன் என்ற வறிய நகரம். அந்த நகரத்தின் பொது மைதானங்களில் மட்டை பிடிக்கக் கற்றவர்கள்தான் வீனஸ், செரீனா என்ற இரு கறுப்பினச் சகோதரிகள். கற்றுக்கொடுத்தவர் தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ். அவர் பெரிய பயிற்றுநர் அல்லர். புத்தகங்களையும் வீடியோக்களையும் பார்த்துத் தானே படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

1950ஆம் ஆண்டு வரை அமெரிக்கத் தேசிய டென்னிஸ் போட்டியில் கறுப்பினத்தவர் எவரும் ஆட அனுமதிக்கப்படவில்லை. அந்த ஆண்டில்தான் அல்தியா கிப்சன் முதன்முதலாக உள்ளே வந்தார். அப்படிப்பட்ட ஒரு விளையாட்டில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் உச்சிக்கு வந்தால் எப்படி இருக்கும்? மெச்சியவர்கள் பலர். முகம் சுளித்தவர்களும் பலர். தந்தை வாய்த்துடுக்கு உள்ளவர் என்பதும் உண்மை. 1999இல் மகள்மார் இருவரும் ஓர் இறுதிப் போட்டியில் மோதியபோது, இது வில்லியம்ஸ் காட்சி என்று எழுதிய பலகையைத் தூக்கிக் காட்டியவர் அவர். பணிவை எதிர்பார்த்தவர்களுக்கு அது எரிச்சலூட்டியது.

சகோதரிகள் இருவரும் ஒருவரோடொருவர் மோதும் ஆட்டங்கள் பல நேரம் சோபிக்கவில்லை. அக்காவும் தங்கையும் முழு வேகத்தோடு மோதிக்கொள்வது இலகுவான காரியமா? ஆனால் ஊர்வாய் வேறு கதை சொன்னது. யார் வெல்வது என்பதை வீட்டில் தந்தை தீர்மானிக்கிறார் என்றார்கள். அதற்கு ஓர் ஆதாரமும் எந்தக் காலத்திலும் வெளிவரவில்லை.

2001 மார்ச். இந்தியன் வெல்ஸ் காலிறுதியில் வீனஸிடம் தோற்ற ரஷ்ய வீராங்கனை எலினா டெமென்டீவாவிடம், அடுத்து சகோதரிகள் மோதும் அரையிறுதியில் யார் வெல்வார் என்று கேட்டார்கள். அதை ரிச்சர்ட்தான் தீர்மானிப்பார் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரோ, வினையாகச் சொன்னாரோ, காய்ந்த புல்லில் நெருப்பு விழுந்துவிட்டது.

மறுநாள் மார்ச் 15. அரங்கு நிறைய மக்கள். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, முழங்கால் உபாதை காரணமாக வீனஸ் ஆடமாட்டார் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்து வந்த மக்களுக்குக் கோபம் வருவது இயல்பு. நமக்கும் வந்திருக்கும். ஆனால் வீனஸ் தன் நிலைமையை முன்கூட்டியே உரியவர்களிடம் தெரிவித்துவிட்டார், அறிவிப்புத்தான் பிந்தியது என்று செரீனா பின்னர் எழுதினார். கூட்டத்துக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது முதல் நாள் கேட்ட வதந்தி மட்டுமே. வதந்தியும் கோபமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

மார்ச் 17, இறுதிப் போட்டி. செரீனாவுக்கு வயது 19. எதிரே பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ், வயது 17. அரங்கு ஏறத்தாழ 16,000 பேர் அமரக்கூடியது. செரீனா உள்ளே வந்ததுமே ஹூ சத்தம் தொடங்கியது. தந்தையும் வீனஸும் படிகளில் இறங்கி வந்து ஆசனத்தில் அமரும் வரை முழு அரங்கும் அவர்களைப் பார்த்துக் கத்தியது. செரீனா பிழைவிடும் ஒவ்வொரு முறையும் கைதட்டல். இத்தனைக்கும் அவர் இரண்டு வருடங்களுக்கு முன் இதே ஊரில் ஸ்டெபி கிராப்பை வென்று பட்டம் பெற்றவர். காயப்பட்டு விலகியவரும் அவர் அல்லர்; அவரது அக்கா.

முதல் செட்டை 4-6 என இழந்தார். பிறகு 6-4, 6-2 என வென்றார். கிண்ணத்தைத் தூக்கியபோதும் சத்தம் ஓயவில்லை. படியிறங்கி வந்தபோது இனத்தைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்று ரிச்சர்ட் பிறகு பத்திரிகையிடம் கூறினார். போட்டிப் பணிப்பாளரான சார்லி பசரெல் கூட, கூட்டம் நடந்துகொண்ட விதம் நியாயமற்றது என்றார். வென்ற பிள்ளை உடைமாற்றும் அறையில் மணிக்கணக்கில் அழுதது. வென்று வீடு திரும்பிய அந்தப் பயணத்தில், மிகப் பெரிய ஆட்டத்தில் தோற்றுப்போனது போல உணர்ந்ததாகச் செரீனா பின்னாளில் எழுதினார்.

ஓர் ஆசிரியராக நாம் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த 16,000 ஆசனங்களில் இருந்தவர்கள் எல்லோரும் இனவெறியர்களா? நிச்சயமாக இல்லை. ஒருவர் டிக்கெட் காசுக்காகக் கத்தியிருப்பார். ஒருவர் வதந்தியை நம்பிக் கத்தியிருப்பார். ஒருவர் பக்கத்தில் இருந்தவர் கத்தியதால் கத்தியிருப்பார். சிலர் அந்தத் தோலின் நிறத்துக்காகவே கத்தியிருப்பார்கள். ஆனால் நடுவில் தனியாக நின்ற பெண்ணின் காதில் இவையெல்லாம் ஒரே சத்தமாகத்தான் விழுந்தன. நியாயமான கோபத்தோடு கத்தியவர், தன் குரலை யாருடைய குரலோடு சேர்த்துக் கொடுக்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. ஒரு கூட்டத்தின் குற்றம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

அதன் பிறகு செரீனா இந்தியன் வெல்ஸ் பக்கமே போகவில்லை. தரவரிசைப் புள்ளிகளை இழந்தாலும் பரவாயில்லை என்று ஒதுங்கியிருந்தார். 14 வருடங்கள்.

2015இல், 33 வயதில், 19 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களோடு அவர் திரும்பி வந்தார். மன்னிப்பது பற்றி வெளிப்படையாகவே எழுதிவிட்டு வந்தார். முதல் ஆட்டத்துக்காக அவர் உள்ளே நுழைந்தபோது அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. அவர் கண்களில் நீர். அந்த முறை அரையிறுதியில் சிமோனா ஹாலெப்புடன் ஆட வேண்டியிருந்தது. ஆனால் முழங்கால் காயத்தால் விலக நேர்ந்தது. ஆம், அதே ஊர், அதே அரையிறுதி, அதே முழங்கால்! செரீனா தானே மைதானத்துக்கு வந்து கூட்டத்திடம் விடயத்தைச் சொன்னார். பெரும்பாலானோர் கைதட்டி வழியனுப்பினார்கள். 2001இல் பொய்யாகத் தெரிந்த முழங்கால் வலி 2015இல் உண்மையாகத் தெரிந்தது. மாறியது முழங்காலா, பார்த்தவர்களின் கண்ணா? அடுத்த வருடம் வீனஸும் திரும்பி வந்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

2018 அமெரிக்க பகிரங்க இறுதிப் போட்டி. இம்முறை கூட்டம் முழுக்கச் செரீனாவின் பக்கம். எதிரே 20 வயது நவோமி ஒசாகா. செரீனாவுக்கும் நடுவருக்கும் பெரிய வாக்குவாதம். செரீனாவுக்குத் தண்டனைப் புள்ளிகள். ஒசாகா வென்றார். பரிசளிப்பில் எழுந்த ஹூ சத்தத்தில், வாழ்க்கையின் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்ற பிள்ளை தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதது. கூட்டம் நடுவர்மீது கோபப்பட்டிருக்கலாம். அடிபட்டது பிள்ளை. ஒசாகாவின் தோளை அணைத்துக்கொண்டு, இனிமேல் ஹூ போட வேண்டாம் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டவர் செரீனாதான். தனக்காகக் கத்திய கூட்டத்தையே அவர் அடக்கினார். அந்தச் சத்தம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும்.

2022 மார்ச். மீண்டும் இந்தியன் வெல்ஸ். ஒசாகா ஆடிக்கொண்டிருக்கையில் கூட்டத்திலிருந்து ஒருவர் இழிவாகக் கத்தினார். ஒரே ஒருவர்தான். ஒசாகா உடைந்துபோனார். ஆட்டம் முடிந்ததும் ஒலிவாங்கியை வாங்கி, இதே இடத்தில் வீனஸையும் செரீனாவையும் பார்த்து மக்கள் கத்திய காணொளியைத் தான் பார்த்திருப்பதாகவும், பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும் என்றும் அழுதபடி சொன்னார். 2001இல் ஒசாகா மூன்று வயதுக் குழந்தை. அன்று எழுந்த சத்தம் 21 வருடங்கள் கழித்து அவர் காதில் கேட்டது.

உறவுகளே, விளையாட்டில் ஒருவரைப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் மனித இயல்பு. அதில் பிழையில்லை. ஜோகோவிச் தோற்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள், பரவாயில்லை. ஆனால் "என்னமோ பிடிக்காது" என்று சொல்லும்போது அந்த 'என்னமோ'வைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அவர் செய்த ஒரு காரியமா? நமக்குப் பிரியமானவரை வென்றதா? யாரோ சொன்ன, நாம் விசாரிக்காத ஒரு செய்தியா? இல்லை, அவர் இன்ன வீட்டுப் பிள்ளை என்பது மட்டும்தானா? முதல் இரண்டும் விளையாட்டோடு போய்விடும். கடைசி இரண்டும் போகாது. அவற்றைக் கேட்டவர்களின் பிள்ளைகள் வரைக்கும் அவை நிற்கும்.

நம் வகுப்பறைகளிலும் மைதானங்களிலும் ஒரு பிள்ளையைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து ஹூ போடும் கணம் வரத்தான் செய்யும். இல்ல விளையாட்டுப் போட்டியில் நாமே பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு பிள்ளையாவது வாயை மூடிக்கொண்டு, "ஏன் கத்துகிறோம்?" என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால் போதும். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

வாசித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.