மேமியின் முகம்: திருத்தப்படும் கார்ட்டூன்களும் கழுவப்படும் வரலாறும்

கார்ட்டூனில் என்னய்யா அரசியல் என்று கேட்கிற நண்பர்கள் நம் மத்தியிலும் இருக்கிறார்கள். பூனை எலியைத் துரத்துகிறது, எலி தப்பிக்கிறது, அவ்வளவுதானே என்பார்கள். அந்தப் பூனையும் எலியும் குடியிருந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கியது யார் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

அதற்கு முன் நம்மூர் விஷயம் ஒன்று. 2013-இல் வந்த 'ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', 2025 ஆகஸ்டில் மறுபடியும் திரைக்கு வந்தது. இறந்துபோகும் நாயகன் இந்த முறை பிழைத்துக்கொண்டான். பிழைக்க வைத்தது செயற்கை நுண்ணறிவு. இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்று தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை எங்களுடையது என்றது நிறுவனம். சட்டப்படி அது பேசியதில் விஷயம் இல்லாமலில்லை. நமது பதிப்புரிமைச் சட்டத்தின் வரையறைப்படி ஒரு திரைப்படத்தின் 'ஆசிரியர்' அதன் தயாரிப்பாளரே. இயக்குநர் அங்கே யாருமில்லை. பார்த் எழுதிய 'ஆசிரியனின் மரணம்' பற்றி நாம் பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, சினிமாவில் அந்தக் காரியத்தைச் சட்டமே சத்தமில்லாமல் முடித்து வைத்திருந்தது.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைத்துப் பயனில்லை. பிரதி புனிதமானதல்ல, ஒவ்வொரு வாசிப்பும் அதை மாற்றி எழுதுகிறது என்று வாதாடி வந்தவர்கள் நாம். இராமாயணத்தை ஆயிரம் விதமாகத் திருப்பிச் சொன்ன மண் இது. அப்படியானால் ஒரு கார்ட்டூனை எந்திரம் மாற்றி எழுதினால் மட்டும் 'ஐயோ, மூலம் போச்சே' என்று ஏன் அலற வேண்டும்? படைப்பாளியின் புனித உரிமை என்ற பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. கேள்வியை வேறு பக்கத்திலிருந்து கேட்கலாம். திருத்துகிறவர் யார்? திருத்தியதால் யாருடைய தடயம் அழிகிறது? இதற்குத்தான் 'டாம் அண்ட் ஜெர்ரி'யிடம் போக வேண்டியிருக்கிறது.

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்த பிறகு, எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்ததுதான் இது. அந்த வீட்டில் ஒரு பெண் வருவாள். கால்கள்தாம் தெரியும். தடித்த கறுத்த கால்கள், தேய்ந்த செருப்பு, கையில் துடைப்பம். 1940-இல் வந்த முதல் படத்திலேயே இருக்கிறாள், 1952 வரை வருகிறாள். முகம் கிடையாது. ரசிகர்கள் வைத்த பெயர் 'மேமி டூ ஷூஸ்'. ('மாமி' என்று எழுதலாம்தான், ஆனால் அப்படி எழுதினால் தமிழில் வேறொரு சமூகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்!) அமெரிக்காவில் 'மேமி' என்பது அடிமை முறை பெற்றெடுத்த ஒரு பிம்பம். தன் பிள்ளையை விட்டுவிட்டு எஜமானனின் பிள்ளையை வளர்த்த கறுப்பினப் பெண்ணை, விசுவாசமே உருவான தடித்த வேலைக்காரியாக வெள்ளைச் சொல்லாடல் கட்டமைத்துக்கொண்டது. தன் குற்றத்தை அது இப்படித்தான் சிரிப்பாக மாற்றிக்கொண்டது.

அந்தக் கால்களுக்குக் குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப். கறுப்பின நடிகை. வானொலித் தொடரிலும் வேலைக்காரி, 1946-இல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' படத்திலும் வேலைக்காரி. கிடைத்ததே அதுதான். கார்ட்டூனில் அவருடைய பெயர்கூட போடப்படவில்லை. முகமில்லாத பாத்திரம், பெயரில்லாத குரல்.

கறுப்பின உரிமை அமைப்பினர் இத்தகைய பிம்பங்களை எதிர்த்தார்கள், எதிர்த்தது நியாயம். தன் தாயும் பாட்டியும் ஊராருக்குச் சிரிப்புப் பொருளாவதை எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரச்சினை, அந்த எதிர்ப்புக்கு நிறுவனம் சொன்ன பதிலில் இருக்கிறது. 1965 முதல் சனிக்கிழமைக் காலைகளில் தொலைக்காட்சியில் இந்தப் படங்கள் போகத் தொடங்கின. அதற்காகச் சக் ஜோன்ஸின் குழு மேமி வரும் காட்சிகள் பலவற்றைத் திரும்ப வரைந்தது. கறுத்த கால்கள் இருந்த இடத்தில், பெரும்பாலும் அதேபோல் தடித்த வெள்ளைக் கால்கள் வந்தன. ராண்டால்ஃபின் குரலை எடுத்துவிட்டு ஜூன் ஃபோரே என்ற வெள்ளைக்கார நடிகையின் குரலைப் போட்டார்கள். இனவெறிப் பிம்பத்தை நீக்குகிறோம் என்ற பெயரில், அந்த வீட்டிலிருந்த ஒரே கறுப்பினப் பெண்ணை வெளியேற்றியாயிற்று. வேலையும் போயிற்று, குரலும் போயிற்று.

1950-இல் வந்த 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்' இதில் தனித்து நிற்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை மேமி உடுத்தி, நகை பூட்டி, சீட்டாட கிளப்புக்குக் கிளம்புகிறாள். அவள் இல்லாத நேரம் பார்த்து டாம் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு வீட்டில் ஜாஸ் கச்சேரி வைக்கிறது. விஷயம் தெரிந்து அவள் திரும்ப ஓடி வரும்போது, கண நேரம், அவள் முகம் தெரிகிறது. இத்தனை வருடத்தில் அப்படித் தெரிகிற அபூர்வமான கணங்களில் ஒன்று அது. அடுப்படியை விட்டு, தனக்கென்று ஒரு சாயங்காலம் வைத்திருக்கிற பெண் அவள். அந்த வீடே அவளுடையதாக இருக்கலாமோ என்று வாசிக்கவும் அந்தப் படம் இடம் கொடுக்கிறது. திருத்திய பிரதியில் அவள் இடத்தில் நடனத்துக்குக் கிளம்பும் ஒரு வெள்ளை இளம்பெண் இருக்கிறாள். முகம் போனதோடு, அந்தச் சாயங்காலமும் கைமாறிப்போனது. இழிவைத் துடைக்கிறேன் என்று வந்த கை, இழிவுக்குள்ளே கசிந்திருந்த கொஞ்சநஞ்ச சுதந்திரத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

இதே வேலையை டிஸ்னி வேறு மாதிரிச் செய்தது. 1940-இன் 'ஃபேன்டேசியா'வில் வெள்ளைக் குதிரைப்பெண்களின் குளம்பைத் துடைக்கும் சின்னக் கறுப்பினக் குதிரைப்பெண் ஒருத்தி இருந்தாள். 1969 மறுவெளியீட்டில் அந்தத் துண்டுகளை வெட்டி எடுத்தார்கள். பிற்பாடு வீடியோவுக்காக, அவள் சட்டகத்துக்கு வெளியே போகும்படி பிம்பத்தைப் பெரிதாக்கினார்கள். பணிவிடை வாங்கியவர்கள் அப்படியே இருக்கிறார்கள், செய்தவள்தான் இல்லை. (நம் ஊர் வரலாறுகளில் கோயில் கட்டிய மன்னன் இருப்பான், கல் சுமந்தவன் இருக்கமாட்டான். அதே சமாச்சாரம்தான்.)

வெட்டியது யார் என்பதோடு, திரும்ப வரைந்தது யார் என்றும் கேட்க வேண்டும். 1967-லிருந்து 1969 வரை வார்னர் நிறுவனம் தன் கறுப்பு-வெள்ளை 'லூனி டியூன்ஸ்' படங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை வண்ணமாக்கியது. கணினி இல்லாத காலம். படங்கள் தென்கொரியாவுக்குப் போயின. அங்கே குறைந்த கூலிக்கு ஒவ்வொரு சட்டகத்தையும் மேலே தாள் வைத்து நகலெடுத்து வண்ணம் தீட்டினார்கள். அவசரத்தில் அசைவுகள் தட்டின, நுணுக்கங்கள் காணாமல் போயின. ரசிகர்கள் இன்றைக்கும் அந்த வடிவங்களைத் திட்டுகிறார்கள், தீட்டிய கைகளைப் பற்றிப் பேச்சில்லை. செயற்கை நுண்ணறிவுக்குக் கைகளே இல்லை என்று நம்பச் சொல்கிறார்கள். அது கற்றுக்கொண்ட கோடுகள் எல்லாம் யாரோ கூலிக்கோ கூலியில்லாமலோ வரைந்தவை. 2024-இல் ஹாலிவுட் அசைவுப்பட ஓவியர் சங்கம் ஒப்பந்தப் பேச்சில் பிரதானமாக மல்லுக்கட்டியதும் இதை வைத்துத்தான்.

அப்படியானால் கொரியத் தாளுக்கும் இன்றைய எந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, தையல். பழைய திருத்தத்தில் தையல் தெரியும். ஃபோரேயின் குரல் ஒட்டாது, கோட்டின் கனம் மாறும். உற்றுப் பார்த்தால் இங்கே யாரோ இருந்தார்கள் என்று படமே காட்டிக்கொடுத்துவிடும். எந்திரம் தையலை மறைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது, அதற்குத்தான் அதை விற்கிறார்கள். இன்னொன்று, பிரதியின் இருப்பு. முன்பு பிலிம் சுருள் எங்காவது ஒரு கிடங்கில் தப்பிக்கும். அதுவும் நிச்சயமில்லை. பழைய 'டாம் அண்ட் ஜெர்ரி'யின் மூல நெகட்டிவ்கள் பல தீயில் அழிந்தன. இப்போது நாம் பார்ப்பது நிறுவனத்தின் கணினியிலிருந்து ஒழுகிவரும் ஒற்றைப் பிரதி. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டால் காலையில் கேட்க நாதியில்லை. 2002-இன் 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்'சில் சிறுமி துணி உலர்த்தும் எந்திரத்துக்குள் ஒளிவாள். டிஸ்னியின் இணைய வடிவத்தில் அது அலமாரியாகிவிட்டது. குழந்தைகள் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்ற அக்கறை, சரி, ஒத்துக்கொள்கிறேன். மாற்றியிருக்கிறோம் என்று ஒரு வரி போட என்ன கஷ்டம்?

திருத்தவே கூடாது என்பதல்ல என் வாதம். கறுப்பினக் கலைஞர் ஒருவர் நாளைக்கே செயற்கை நுண்ணறிவை வைத்து மேமிக்கு முழு முகமும் முழுக் கதையும் கொடுத்து, தன் பெயரைப் போட்டு வெளியிட்டால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். அது எதிர்ப்பிரதி. பழையதோடு அது சண்டை போடும். பழையதை இல்லையென்று சொல்லாது. நிறுவனம் செய்வது தன் சொத்தை வெள்ளையடித்துத் திரும்ப விற்பது. பாதிக்கப்பட்டவர் செய்கிற திருத்தமும் குற்றம் செய்தவர் செய்கிற திருத்தமும் ஒரே தொழில்நுட்பத்தில் நடக்கலாம், அதற்காக இரண்டையும் 'மறுவாசிப்பு' என்று ஒரே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது.

வார்னர் நிறுவனமே வேறு வழியையும் முயன்றிருக்கிறது. 2005-இல் வந்த லூனி டியூன்ஸ் குறுந்தகட்டுத் தொகுப்பு ஒன்றில் கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பெர்க் முன்னால் வந்து, இவற்றில் சில கேலிகள் அன்றும் தவறு இன்றும் தவறு, ஆனால் இல்லாதது போல நடிப்பது சரியல்ல என்ற பொருள்படப் பேசினார். அதே நிறுவனம் 2013-இல் 'டாம் அண்ட் ஜெர்ரி' தொகுப்பிலிருந்து இரண்டு படங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்த்தது. சேகரிப்பாளர்கள் சண்டை போட்டார்கள், தொகுப்பு வெளிவராமல் நின்றது. விடப்பட்டவற்றில் ஒன்று 1948-இன் 'மவுஸ் கிளீனிங்'. வீட்டைச் சுத்தமாக வைத்திரு என்று பூனையிடம் சொல்லிவிட்டு மேமி கடைக்குப் போகிற படம் அது. குரல், லிலியன் ராண்டால்ஃப்.