சேலம் ஜில்லாவின் குதிரை லாயம்

பந்தயக் குதிரை என்றால் நமக்கு கிண்டி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் ஊட்டி. சேலமும் நாமக்கல்லும் வருவதில்லை. லாரி, முட்டை, மரவள்ளி என்று பேர் வாங்கிய ஊர்களில் குதிரைக்கு என்ன வேலை?

பழைய சேலம் ஜில்லா வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1965இல் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஓசூர் அதற்குள்தான் இருந்தது. ஆங்கிலேயர் இந்த ஜில்லாவை மூன்று அடுக்காகச் சொல்வார்கள்: மேலே பாலாகாட் (ஓசூர்), நடுவில் பாராமகால், கீழே தலகாட் (சேலம், நாமக்கல் சமவெளி). மேல் அடுக்கில், ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், 19ஆம் நூற்றாண்டில் ராணுவத்தின் 'ரிமௌண்ட் டிப்போ' நடந்தது. படைக்குப் புதுக் குதிரைகளைத் தயார் பண்ணி அனுப்புகிற இடம். இப்போது அங்கே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது.

அந்தக் காலத்தில் சென்னை ராணுவம் விரும்பி வாங்கியது 'வேலர்' குதிரைகளை. நம்ம முருகனுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தமில்லை; நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்ததால் வேலர். சுத்தமான தரோபிரெட் இல்லை, ஆனால் அந்த ரத்தம் நிறையக் கலந்தவை. வாரக்கணக்கில் கடலில் நின்றபடியே வந்த குதிரையை உடனே ஓட்ட முடியாது. இளைப்பாற விட்டு, ஊர்த் தண்ணிக்கும் தீனிக்கும் பழக்கி, பிறகுதான் கடிவாளம், சேணம், ஆள் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். பந்தய லாயத்திலும் இதே வரிசைதான், அவசரம் மட்டும் கூடுதல்.

ஏன் ஓசூர்? கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், அதனால் குளிர்ச்சி. குதிரை வியர்த்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. இங்கிலாந்திலிருந்து வெப்ப நாடுகளுக்கு வந்த பந்தயக் குதிரைகளில் சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோனதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்நடை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். வியர்வை நின்ற குதிரை ஓடினால் மூச்சு வாங்கி விழும். சென்னையில் பந்தயம் குளிர் மாதங்களிலும், கோடையில் ஊட்டியிலும் நடந்ததன் காரணமும் இந்தச் சூடுதான். அப்படிப் பார்த்தால் சித்திரை மாத நாமக்கல்லில் ஒரு பந்தய லாயத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் சமவெளிக்கு இதில் பங்கு உண்டு, அது தீனியில். மானாவாரியில் மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் விளைகிற கொள்ளு இந்தப் பக்கத்துப் பயிர். வங்காளத்து ஆங்கிலேயர் 'கிராம்' என்றால் கடலை. சென்னை ராஜதானியில் 'கிராம்' என்றால் கொள்ளு. 'ஹார்ஸ் கிராம்' என்ற பேரே லாயத்திலிருந்து வந்ததுதான். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாம் சொல்வோம், குதிரைக்கோ அதுதான் பலம். சும்மா அள்ளிப் போட முடியாது. குதிரைக்கு இரைப்பை சின்னது, வாந்தியும் எடுக்க வராது. தீனி தப்பினால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும். அதனால் கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதியாகிறது, பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள், லாடக்காரர்களை வியாபாரிகள் வரவிடுவதில்லை என்று எழுதினார். எவ்வளவு நிஜமோ, குதிரை விற்கிறவர்களிடம் கேட்டு எழுதியது மாதிரி இருக்கிறது. எப்படியானாலும் அறுநூறு வருஷம் கழித்து நிலைமை வேறு. சென்னை ராஜதானியில் ஒரு குதிரைக்கு வழக்கமாக இரண்டு பேர்: ஒருவர் குதிரைக்காரர், இன்னொருவர் 'கிராஸ் கட்டர்'. கட்டர் என்றாலும் வேலை வெட்டுவது அல்ல, தோண்டுவது. அருகம்புல்லை வேரோடு பறித்து, மண்ணை உதறிக் கொண்டுவர வேண்டும். பல வீடுகளில் குதிரைக்காரரின் மனைவியே இதைச் செய்தார்.

இங்கிலாந்தில் 1791 முதல் தரோபிரெட் குதிரைக்கு வம்சாவளிப் புத்தகம் அச்சாகிறது. எந்தக் குதிரைக்கும் தாய் யார், பாட்டி யார் என்று இருநூறு வருஷம் பின்னோக்கிப் போகலாம். புல் தோண்டியவளுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் திறமையில் குதிரையின் பிறவிக் குணத்தோடும் ஜாக்கியின் சாமர்த்தியத்தோடும் குதிரைக்குக் கிடைத்த பயிற்சியும் எண்ணப்பட்டது. அந்தப் பயிற்சியில் பாதி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குதிரையின் காலைத் தடவிப் பார்த்து, சூடு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று சொல்கிறவரின் கையில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் கிண்டிக் குத்தகையை அரசு ரத்து செய்து 160 ஏக்கரைக் கையகப்படுத்தியபோது பேச்செல்லாம் வாடகை பாக்கி 730 கோடியைப் பற்றித்தான். அரசுக்கு வரவேண்டிய பணம், கேட்டதில் தப்பில்லை. லாயத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி அந்தப் பேச்சில் அபூர்வமாகத்தான் காதில் விழுந்தது.