முன்னாலேயே பிரேக், தூரத்தில் கண்

கார் பந்தயம் என்றாலே ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடிப்பவன்தான் ஜெயிப்பான் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பந்தயத்தை முறையாகக் கற்றவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். நேரம் குறைவது பிரேக்கில்தான், அதற்கும் முன்னால் கண்ணில்தான் என்பார்கள். இந்தப் பாடம் நம் சேலம், நாமக்கல் பக்கத்துக்குப் புதிதல்ல. பந்தயத் திடலை எட்டிக்கூடப் பார்க்காத லாரி டிரைவர்கள் இங்கே அதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்று வந்திருக்கிறார்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லலாம் என்று இன்று உட்கார்ந்தேன்.

ஆட்டோகிராஸ் என்று ஒரு போட்டி உண்டு. மைதானத்திலோ மண் தரையிலோ பாதை போட்டு, ஒவ்வொரு காராக விடுவார்கள். பக்கத்தில் வேறு கார் கிடையாது. எதிராளி கடிகாரம் மட்டும்தான். அமெரிக்காவில் பெரிய வாகன நிறுத்துமிடங்களில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்து நடத்துகிறார்கள். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கூம்பு சாய்ந்தால் அதற்குத் தண்டமாகச் சில நொடிகளைக் கூட்டிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறுகள் இரண்டு. வளைவு மூக்குக்கு நேரே வந்த பிறகு பிரேக் மிதிப்பார்கள். பக்கத்துக் கூம்பை இடித்துவிடுவோமோ என்று அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார்கள்.

இது ஏன் தவறு என்பதைச் சாதாரணக் கணக்கே காட்டிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். 15 மீட்டர் தள்ளி இருக்கிற கூம்பைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு யோசிக்க ஒரு நொடிகூட இல்லை. கண்ணை அடுத்த வளைவுக்கு அனுப்பிவிட்டால் கைக்கும் காலுக்கும் இரண்டு மூன்று நொடி கிடைக்கும். பிரேக்கும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். 40-ல் போகும்போது இருந்த நிதானத்தோடு 80-ல் பிரேக் பிடித்தால் காரியம் கெட்டது.

டயருக்கும் ஒரு அளவு இருக்கிறது. தரையைப் பிடிக்கிற சக்தி அதற்கு இவ்வளவுதான். அதை நிறுத்துவதற்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. வளைவுக்குள்ளே போய் பிரேக் பிடிப்பது, தலையில் மூட்டை சுமக்கிற ஆளிடம் கணக்கும் எழுதச் சொல்வது போல. இரண்டும் உருப்படாது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவுக்குள் நுழைபவன் நுழையும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் தெரிவான். ஆனால் வளைவின் பாதியிலேயே ஆக்சிலேட்டரைத் தொட்டுவிடுவான். அங்கே சம்பாதித்த வேகம் அடுத்த நேர்ப்பாதை முழுக்க அவனோடு வரும். அவசரமாக நுழைந்தவன் அந்த நேரத்தில் வண்டியை ஒழுங்குக்குக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருப்பான்.

டிவியில் பார்க்கும்போது பெரிய வீரர்கள் கடைசி நொடியில்தானே பிரேக் பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எங்கே பிரேக்கை விட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அவர்கள் கால் வைக்கிறார்கள். ஆயிரம் சுற்று ஓடிய பிறகு வருகிற துணிச்சல் அது. முதல் சுற்றிலேயே அதைக் காப்பியடித்தால் ஆபத்து.

இந்த வித்தையை நம் தமிழ்நாடு கற்ற இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த இடத்தில் பந்தயங்களை நடத்தியது. போர் முடிந்து காலியான விமானத் திடல்களில் பந்தயம் விடுவது அன்று உலகம் முழுக்க நடந்த காரியம். 1950-ல் ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயம் நடந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் ஒரு பழைய விமானத் தளம்தான்.

அந்தக் காலத்தில் நம்மிடம் இருந்த கார்கள் எவை? அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற அதே கார்களைத்தான் பட்டறையில் பிரித்து மேய்ந்து பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும் என்பது பழைய கார் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஓடுதளத்தில் நேர்ப்பாதை நீளம். அதன் கடைசியில் முழு வேகத்தில் வந்து சேருகிற வண்டியை அந்த டிரம்மை நம்பித்தான் வளைவுக்குக் குறைக்க வேண்டும். பிரேக்கைப் பார்த்துச் செலவு செய்பவன்தான் கடைசிச் சுற்று வரை தாக்குப்பிடிப்பான்.

அடுத்த கட்டம் கோயம்புத்தூரில். ஜவுளித் தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் தானே பந்தயம் ஓட்டியவர், தானே கார் கட்டியவர். 1980-களின் கடைசியில் அவர் செய்த காரியம் முக்கியமானது. மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து, ஒரே ஒரு ஆள் உட்காருகிற, சக்கரங்கள் வெளியே தெரிகிற பந்தயக் காரைக் குறைந்த செலவில் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களும் அதனால் பந்தயத்துக்குள் வர முடிந்தது.

அந்தச் சின்ன எஞ்சின் ஒரு நல்ல வாத்தியார் என்பது என் எண்ணம். பெரிய எஞ்சின் உள்ள காரில் வளைவில் தப்புச் செய்தாலும் மிதித்தால் வேகம் திரும்பி வந்துவிடும், ஓட்டியவனின் தப்பு வெளியே தெரியாது. சின்ன எஞ்சினில் அந்தச் சலுகை இல்லை. வளைவில் ஐந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொலைத்தால் அதைத் திரும்பச் சேர்க்க அடுத்த நேர்ப்பாதையே போய்விடும். ஆகவே எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது, எங்கே பார்ப்பது என்பதை அந்த வண்டியில் ஒழுங்காகக் கற்றே ஆக வேண்டும்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் கிளப் தனக்கென்று பந்தயப் பாதையையே அமைத்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவுகள். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், இடையில் பிரான்சில் உள்ள பந்தயப் பள்ளியிலும் பயிற்சி பெற்று, 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். அந்தப் போட்டிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் பல அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்களே ஓடின. அதில் நான்காவதாக வந்து புள்ளிகளும் வாங்கினார்.

இது பந்தயக்காரர்களின் கதை. இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாடி கட்டுகிற பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், முட்டை லோடு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று இந்தப் பகுதியின் சோறே சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. இங்கே லாரித் தொழிலைப் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. கிளீனராக ஏறுகிற பையன் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொள்வான். அவன் முதலில் காதில் வாங்குகிற பாடங்களில் ஒன்று, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. மலையில் எந்த கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும், டிரம் சூடாகாது.

அதைப் பழக மலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70. வாழையும் பலாவும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையில் இறங்கும் டிரைவரை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். அவர் பார்வை முன் சக்கரத்தின் மேல் இருக்காது. இரண்டு வளைவு கீழே பாதை தெரிகிற இடத்தில் இருக்கும். கீழே பஸ் ஏறி வருகிறதா, எந்த வளைவில் அது நம்மைச் சந்திக்கும், எங்கே ஒதுங்கி நிற்கலாம் என்று மனதுக்குள் கணக்கு ஓடும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. வளைவு வருவதற்கு முன்பே வண்டி அடங்கிவிட்டிருக்கும். பந்தயப் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கிற பாடம் இதுதான். ஒரே வித்தியாசம், பந்தயத்தில் கூம்பு சாய்ந்தால் நொடிகள்தான் போகும்.

மலையில் பயப்படுகிற மனிதன் நான்கு வழிச்சாலையில் பயத்தை விட்டுவிடுகிறான். அதன் விளைவைத் தொப்பூரில் பார்க்கிறோம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு வரும்போது தொப்பூர் கணவாயில் சாலை இறங்குகிறது. கொண்டை ஊசி எதுவும் இல்லை. அகலமான தார் ரோடு, பார்வைக்குச் சாதாரணச் சரிவு. அந்தச் சாதாரணம்தான் ஏமாற்றுகிறது. டீசல் மிச்சம் என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்குகிறார்கள். அப்போது எஞ்சின் பிடிமானம் அறவே போய்விடும். முழு லோடும் பிரேக்கின் தலையில் விழும். மிதித்து மிதித்து டிரம்மும் லைனிங்கும் காய்ந்துவிடும். ஏர் பிரேக் வண்டியில் அடிக்கடி மிதித்தால் காற்றும் இறங்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரசர் அதைச் சட்டென்று நிரப்பாது. இரட்டைப் பாலத்துக்கு வரும்போது கால் மிதிக்கும், வண்டி நிற்காது.

2020 டிசம்பர் 12-ஆம் தேதி அங்கே ஒரு லாரி பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ஆம் தேதி இன்னொரு விபத்து, மறுபடியும் நான்கு உயிர்கள். அந்தப் படத்தை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம். பெயர் வெளியே வராத விபத்துகளுக்குக் கணக்கில்லை. முன்னால் போன கார்க்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்பது பழைய காலத்து நம்பிக்கை. இன்றைய மின்னணு எஞ்சின்களில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் போவதே நின்றுவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டிருக்கிறது. இல்லாத மிச்சத்துக்காக உயிர்கள் போகின்றன. ஆனால் குற்றத்தை முழுக்க டிரைவர் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. தூக்கம் இல்லாமல் ஓட்டச் சொல்கிறவர்கள், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுகிறவர்கள், தேய்ந்த லைனிங்கை அடுத்த டிரிப்புக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. முன்னால் பார்க்க வேண்டியது டிரைவர் மட்டுமில்லை.

பந்தயமும் லாரியும் நிஜமாகவே ஒரு முறை சந்தித்தன. 2014-ல் டில்லி அருகே புத் சர்வதேசப் பந்தயப் பாதையில் டாடா மோட்டார்ஸ் லாரிப் பந்தயம் தொடங்கியது. முதலில் வெளிநாட்டு வீரர்கள்தான் ஓட்டினார்கள். 2016-ல் நம் நாட்டு லாரி டிரைவர்களையே தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஓட்டவைத்தார்கள். எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே பார்ப்பது என்று ஒரு லாரி டிரைவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம், அது ஒரு கௌரவமான கல்வி என்று அன்று தெரிந்தது. அந்தக் கல்வி பத்துப் பதினைந்து பேரோடு நிற்காமல் நாமக்கல்லில் ஏறுகிற ஒவ்வொரு கிளீனர் பையனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

நம் வீட்டுப் பிள்ளைகளும் பைக்கில் பறக்கிறார்கள். மெதுவாகப் போ என்றால் காதில் ஏறுவதில்லை. நரேன் கார்த்திகேயன் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தை முடிவு செய்துவிடுவார் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவேளை கேட்பார்கள். தூரத்தில் பார், நேரான ரோட்டிலேயே பிரேக் பிடி, வளைவு முடிந்த பிறகு முறுக்கு. இதைச் சொல்ல நமக்கு லைசென்ஸ்கூட வேண்டியதில்லை.