மூளையின் நடு அறைக்கு எந்த வழி?

இங்கே நியூ டவுனில் நாம் தமிழர் என்று தெரிந்தால், வங்காளிகள் பலர் வேலூர் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் நான்கு. அங்கே கட்டி வந்தால், அது புற்று இல்லாவிட்டாலும் நீரோட்டத்தை அடைத்து உயிரை எடுத்துவிடும். அதை எடுக்கவோ, நல்ல மூளையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

1918இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டாண்டி, அந்த அறைகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். கட்டி இருக்கும் இடம் தெரிந்தது. 1921இல் மூன்றாம் அறையில் இருந்த கூழ்க்கட்டியை எடுத்தும் காட்டினார். மூளையின் இரு பாதிகளுக்கு நடுவே இறங்கி, அவற்றை இணைக்கும் நரம்புப் பாலத்தைக் கீறிப் போவது அவர் வழி. மேற்புறத்தைத் துளைத்துப் போவது இன்னொன்று. முன்னதில் நினைவாற்றல் பாதிக்கப்படலாம். பின்னதில் வலிப்பு வரலாம்.

மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு வருடம் சென்னையில் பி. ராமமூர்த்தி. சி.டி. ஸ்கேன் வந்ததோ 1971இல்தான்!

இன்று எண்டோஸ்கோப் இருக்கிறது, கொல்கத்தாவிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆகவே எந்த ஊர் என்பதோடு, 'எந்த வழியாகப் போவீர்கள், ஏன்?' என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.