யார் வீட்டுக்குப் போகிறோம்?

இந்தியாவில் ஊர் மாறிய பெண்களிடம் ஏன் மாறினீர்கள் என்று கேட்டால், நூற்றில் 86 பேருக்கு மேல் சொல்லும் பதில் திருமணம். 2020-21ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தரும் எண் இது. ஆண்கள் சொல்லும் காரணங்களில் வேலைதான் முன்னால் நிற்கிறது. அந்த அட்டவணையில் என் அம்மாவுக்கு ஒரு கட்டம் உண்டு. 1981இல் கழுத்தில் தாலியோடு செல்லூரிலிருந்து சென்னைக்கு ரயிலேறியவர் அவர். நாற்பத்தொரு வயதில், கணவன் இல்லாமல், மொழிபெயர்த்துப் பிழைக்கும் ஒருத்தி, அறுபத்தைந்து வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து செல்லூருக்குப் போகலாமா என்று யோசித்தால் அவளை எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று தெரியவில்லை. ‘பிற காரணங்கள்’ என்று ஒன்று இருக்கும்.

காரணம் எளிமையானது. சென்னையில் வாடகை என் வருமானத்தில் பாதியைத் தின்கிறது. நான் செய்யும் வேலைக்கு ஒரு மேசையும் மின்சாரமும் இணையமும் போதும். செல்லூரில் அம்மா பிறந்த வீட்டின் கீழ்த்தளம், தறிகள் போன பிறகு, பூட்டிக் கிடக்கிறது. “கீழ் வீடு சும்மாதான தாயி கெடக்கு, அக்காவக் கூட்டிக்கிட்டு வந்து இருந்துக்கிற வேண்டியதுதான?” என்று மாமா போனில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அம்மா மட்டும் போனை வைத்ததும் ஒரு கேள்வி கேட்டார்: “யாரு வீட்டுக்குப் போறோம்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததும் விசாரித்ததும்.

மதுரைக்குக் குடிபெயர்ந்த பெண் என்று தேடினால் தமிழில் முதலில் எதிர்ப்படுபவள் கண்ணகி. அவளைக் கற்புக்கும் கோபத்துக்குமாகவே பேசிப் பழகிவிட்டோம். பிழைப்புத் தேடி ஊர் மாறிய குடும்பத்தின் பெண் என்று பார்த்தால் வேறு விஷயங்கள் தெரிகின்றன. முதலை இழந்த வணிகன், மனைவியின் சிலம்பை மூலதனமாக்கி வேறொரு நகரத்தில் தொழில் தொடங்கலாம் என்று ஓர் இரவில் தீர்மானிக்கிறான். விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். போகலாமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் முதலீடு அவளுடையது. வடக்கேயிருந்து வந்தவர்கள் வையையைத் தெப்பத்தில் கடக்கிறார்கள். இன்று செல்லூர் இருப்பது ஆற்றின் அந்த வடகரையில். வழித்துணையாக வந்தவர் கவுந்தி என்ற பெண்துறவி. இடம் கொடுத்தவள் மாதரி என்ற இடைச்சி. தீர்மானம் ஆணுடையது, பணம் மனைவியுடையது, ஊரில் காலூன்ற உதவியது மற்ற பெண்கள். இந்த வரிசை செல்லூர் வரலாற்றில் அப்படியே திரும்பத் திரும்ப வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செல்லூர் புதிய ஊரல்ல. சம்பந்தர் பாடிய திருஆப்பனூர் இதுதான். திருவாப்புடையார் கோயில் இன்றும் இருக்கிறது. கண்மாயும் வயலுமாக இருந்த வடகரை நகரத்தோடு ஒட்டியது ரயிலுக்கும் பாலத்துக்கும் பிறகு. 1875இல் ரயில் மதுரைக்கு வந்தது. 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம், அதாவது நம் ஏ.வி. பாலம், திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தென்கரையில் ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் எழுந்தது. அங்கே நூற்ற நூல் வீட்டுத் தறிகளுக்கும் வந்தது. மதுரையில் தறி என்றதும் எல்லோரும் அரண்மனையைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரர் தெருக்களையும் சுங்குடியையும் சொல்வார்கள். 2005இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. செல்லூர்த் தறிக்கு அப்படிப் பட்டமெல்லாம் இல்லை. அது அன்றாடத் துணியின் தறி. உடுத்தித் துவைத்துக் கிழிகிற துணிக்கு அருங்காட்சியகத்தில் யார் இடம் கொடுப்பார்கள்?

நெசவு என்றால் தறியில் உட்கார்ந்து நாடாவை எறிவது என்றே வெளியாட்கள் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் எவ்வளவோ இருக்கிறது. சிட்டத்தைப் பிரித்து நூலாக்க வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். ஊடை நூலை இராட்டையில் தாராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தார் நின்றால் தறி நின்றுவிடும். அம்மா எட்டு வயதில் தார் சுற்ற உட்கார்ந்தவர். அப்பத்தா என்று நான் அழைத்துப் பழகிய அம்மாவின் தாய் (சென்னையில் எங்களுக்கு முறைப்பெயர்கள் கொஞ்சம் குழம்பிப்போயின) தாரும் சுற்றினார், தாத்தா வெளியே போன நேரத்தில் தறியிலும் இறங்கினார். கூலி துணிக்கு உண்டு. தாருக்குத் தனிக் கூலி கிடையாது. துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வருபவர் தாத்தா. ஒருமுறை குடிக்கணக்கு எடுக்க வந்தவரிடம் தாத்தா சொன்ன பதிலை அம்மா இன்றும் நடித்துக் காட்டுவார்: “அவ சும்மாதான் இருக்கா.” சொல்லும்போது அப்பத்தாவின் இராட்டை ஓடிக்கொண்டிருந்ததாம்.

நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும் அவர்களில் 25.46 லட்சம் பேர் பெண்கள் என்றும் சொல்கிறது. நூற்றுக்கு 72. ‘நெசவாளி’ என்ற சொல்லைக் கேட்டதும் மனக்கண்ணில் ஒரு மீசை தோன்றுமானால் பிழை கண்ணில் இல்லை, பழக்கத்தில்.

ஆற்றுக்குத் தெற்கே மில்களில் கதை வேறு மாதிரி. தொடக்ககால இந்தியப் பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் நிறையவே இருந்தார்கள். 1891இன் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை 11 மணியாக்கியது. பிறகு இரவு வேலைத் தடை வந்தது. சென்னை மாகாணம் 1934இல் பேறுகால உதவிச் சட்டத்தை இயற்றியது. எல்லாம் கேட்டுப் பெற வேண்டியவைதான். ஆனால் பேறுகால உதவி கொடுக்க வேண்டும், இரவு ஷிப்டுக்கும் வைத்துக்கொள்ள முடியாது என்றதும் முதலாளிகளுக்குப் பெண் செலவாகத் தெரிந்தாள். மெல்ல மெல்ல மில் வேலை என்றாலே ஆண் வேலை என்றாயிற்று. மதுரை மில் வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பேசி 1918இல் சிறை சென்ற வரதராஜுலு நாயுடு முதல் பிந்தைய சங்கத் தலைவர்கள் வரை ஆண் பெயர்களாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நாடக மேடையிலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, 1967இல் மதுரை கிழக்கின் சட்டமன்ற உறுப்பினரான கே.பி. ஜானகியம்மாள் அந்தச் சுவரில் விழுந்த பெரிய ஓட்டை.

பிறகு 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பெண்களை மறுபடி தேடிப் போயின. இந்தமுறை சுமங்கலித் திட்டம் என்ற பெயரில். மூன்று ஆண்டு மில் விடுதியில் தங்கி வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அதுவும் கல்யாணச் செலவுக்கு. அமெரிக்காவின் லோவெல் நகரத்திலும் பஞ்சாலைப் பெண்கள் விடுதிகளில்தான் தங்கினார்கள். அவர்கள் 1834இலும் 1836இலும், கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கே விடுதிக் கதவுக்கு வெளியே பெண்ணைத் தனியாக விடுவதே பேரம் பேசிப் பெற வேண்டிய சலுகை. கடைசித் தொகைக்கே ‘சுமங்கலி’ என்று பெயர் வைத்தவருக்கு நம் சமூகத்தைப் பற்றி நல்ல அறிவு இருந்திருக்கிறது.

செல்லூர் எப்போது ஓய்ந்தது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. 1953இலேயே கைத்தறித் துணி தேங்கி, தி.மு.க. தலைவர்கள் அதைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். 1985இன் சட்டம் 22 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது; வழக்குகளில் கிடந்து, சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1993 ஆயிற்று; 1996இல் பட்டியல் 11 ரகமாகச் சுருங்கியது. அதற்குள் எங்கள் தாத்தா குழித்தறியை மூடிவிட்டு விசைத்தறி போட்டிருந்தார். விசைத்தறி வந்ததும் தார் சுற்றவும் இயந்திரம் வந்தது; ‘சும்மா இருந்த’ அப்பத்தா உண்மையிலேயே சும்மா இருந்தார். மாமா காலத்தில் அந்தத் தறிகளும் எடைக்குப் போயின. இப்போதும் சில தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கேட்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தை வைத்து மணி சொல்லும் ஊராக அது இல்லை.

நான் இரண்டு முறை போய்ப் பத்துப் பத்து நாள் தங்கிப் பார்த்தேன். அறுபதடி ரோட்டில் எது வேண்டுமானாலும் கிடைக்கிறது. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கம். எனக்கு அது ஒன்றே பாதிக் காரணம். சென்னை வாடகையில் கால்வாசிக்கு வீடு கிடைக்கும் என்றார்கள். ஆனால் ‘வீடு வாடகைக்கு’ பலகை பார்த்து நான் விசாரித்த மூன்று இடத்திலும் முதல் கேள்வி “சார் என்ன பண்றாரு?” இரண்டாவது கேள்வி நேரடியாக வராது, “நீங்க எந்தப் பக்கம்?” என்று வரும். அம்மாவின் தாய்வீட்டைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாதவளுக்கு அந்தத் தெரு எவ்வளவு மலிவாக இருந்தென்ன? மலிவான ஊர் எல்லோருக்கும் ஒரே மலிவல்ல.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், வீடுகளுக்குள் வெள்ளம் வந்தது. குழித்தறிக் காலத்தில் மழை என்றால் குழியில் நீர் ஊறி வேலை நிற்கும், இறைப்பது பெண்கள். கண்மாயைச் சுருக்கிய நகரத்தில் இப்போதும் கீழ்த்தளத்து நீரை யார் இறைத்தார்கள் என்று கேட்டேன். மதினியும் பக்கத்து வீட்டு அக்காமாரும். மதுரையில் பெண்ணுக்கும் தண்ணீருக்கும் உள்ள கணக்கு சிறியதல்ல. வில்லாபுரத்தில் குடிதண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

வீடு தாத்தா சுயமாக வாங்கியது. உயில் எழுதாமல் 1994இல் இறந்தார். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பத்தாவுக்கும் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்ட மண் இது. 1989இல் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது, அதற்கு முன் மணமாகிப் போனவர்களைத் தவிர்த்துவிட்டு. எங்கள் வீடு பூர்வீகச் சொத்தல்ல என்பதால் அந்த விலக்கு அம்மாவைத் தொடவில்லை. தொட்டது வேறு ஒரு பிரிவு, 23. குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை அவள் பாகம் கேட்க முடியாது. மகள் அங்கே வந்து குடியிருக்கலாம், எப்போது? மணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, கணவனைப் பிரிந்தவளாக, விதவையாக இருந்தால். வாழ்ந்துகொண்டிருக்கும் மகளுக்கு வாசற்படிவரைதான். ஒரே ஒரு ஆண் வாரிசு இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே மகனான மாமா யாரோடு பிரித்துக்கொள்வார்? 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் பிரிவு 23ஐ நீக்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே அப்பத்தா போய்விட்டார்; அவர் பங்கும் இருவருக்கும் சமமாக இறங்கியது.

ஆக, இருபது வருடமாக அந்த வீட்டில் சரிபாதி அம்மாவுடையது. இதை வக்கீல் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இது அவனுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியும். மாமா மறைக்கவில்லை, அவர் கேட்காததை நாங்களும் கேட்கவில்லை. “நான் என்ன வெளியவா நிறுத்தப் போறேன்? பத்திரம் எதுக்கு, ஊரு சிரிக்கும்” என்றார். அவர் வார்த்தையில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அன்பில் கிடைத்த கீழ்த்தளத்தில், தம்பி முகம் சுண்டும் நாளில் அம்மா எங்கே போவார்? எட்டு வயதில் தொடங்கிப் பதின்மூன்று வருடம் தார் சுற்றிய கூலி எந்தக் கணக்கிலும் வரவில்லை. அது அந்தச் சுவரில் இருக்கிறது. அதைத் தயவாக வாங்கிக்கொள்ள அம்மாவுக்கு விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானால் போவது, இல்லையென்றால் சென்னையிலேயே இன்னும் சின்ன வீடாகப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. மதினி தனியாக அழைத்து, “கேக்குறது சரிதான், நானும் எங்க வீட்டுல கேக்கலாம்னு இருக்கேன்” என்றார். மாமா தை வரை நேரம் கேட்டிருக்கிறார். அம்மா கொடுத்திருக்கிறார். கீழ்த்தளத்தில் தறிக்குழி இருந்த இடத்தைச் சிமெண்ட் போட்டு மூடியது சரியாக இறுகவில்லை, மழைக்கு அங்கேதான் முதலில் ஊறுகிறது, மேசையைச் சன்னல் பக்கம் போட்டுக்கொள் என்று நேற்று என்னிடம் சொன்னார்.